தொழில் முற்றம்: மெல்லிய உலோகத்திற்கு வல்லிய தோல்



சென்ற ஆண்டு இப்பகுதியில் நாம் எழுதிய கட்டுரை ஒன்றைப் பற்றி இத்திங்கள் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் பொருள்களை வார்க்கும் அச்சுகளை எஃகில் செய்வதற்குப் பதிலாக அலுமினியத்தில் செய்துகொள்ளலாம், அதனால் செலவு குறையும், வேலையும் விரையும் என்று அதில் எழுதியிருந்தோம். எழுதியதில் பொய் ஏதும் இல்லை. ஆயினும் சொல்ல வேண்டியவற்றுள் ஒரு பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். அப்பாதியின் விலையை நம் அன்பர் ஒருவர் குடும்பம் கொடுக்க நேர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாம் சங்க நூலகத்தில் அமர்ந்திருந்தோம். வசாய்ப் பக்கத்திலிருந்து அந்த அன்பர் தம் துணைவியாருடன் வந்தார். கையில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய கனத்த பொட்டலம் ஒன்று இருந்தது. கோவில்பட்டியை அடுத்த சிற்றூரிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு முன் மும்பைக்கு வந்தவர் அவர். பிறர் தொழிற்கூடங்களில் எந்திரம் ஓட்டிப் பழகி, இன்று ஒற்றை இன்ஜெக்ஷன் எந்திரத்தோடு சொந்தமாகத் தொழில் நடத்துகிறார். பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். உள்ளே இருந்தது ஓர் அலுமினிய அச்சின் ஒரு பாதி.

“ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் இதைச் செய்தேன். குறை சொல்ல வரவில்லை. எங்கே தவறினேன் என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன்” என்றார்.

நடந்தது இதுதான். மின் கருவி ஒன்றுக்கு வேண்டிய சிறு உறுப்பு ஒன்றை வார்த்துத் தர அவருக்கு வேலை கிடைத்தது. பொருள் நைலான், நூற்றுக்கு 30 பங்கு கண்ணாடி இழை கலந்தது. எஃகு அச்சுக்குக் கையில் பணம் இல்லாமையால் அலுமினியத்தில் அச்சு செய்துகொண்டார். முதல் ஆயிரம் உருப்படிகளும் அழகாக வந்தன, வாங்குவோரும் ஏற்றுக்கொண்டனர். அந்த ஊக்கத்தில் பெரிய ஆணை ஒன்றை ஏற்று, துணைவியாரின் வளையல்களை அடகு வைத்து மூலப்பொருள் வாங்கினார். சில ஆயிரம் வார்ப்புகள் கடந்ததும் உருப்படியின் ஓரங்களில் மெல்லிய பிசிறு தோன்றியது. பிளாஸ்டிக் உள்ளே பாயும் வாயில் அகன்றது. அளவு பிசகியது. பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பி வந்தது.

மேசைமேல் கிடந்த அச்சை விரலால் தடவிப் பார்த்தோம். வாயிலைச் சுற்றி, ஓடை நீர் அரித்த கரைபோல் உலோகம் தேய்ந்திருந்தது. அப்போதுதான் அம்மையார், “ஐயா, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற மாதிரி இதன்மேல் எதையாவது பூச முடியாதா? பூசினால் தேய்ந்தது நிரம்புமா?” என்று கேட்டார்.

இத்திங்கள் நாம் எழுதுவதெல்லாம் அந்த ஒரு வினாவுக்கு விடைதான். நம் சங்கக் குடும்பங்களில் அச்சுத் தொழிலிலும், முலாம் பூசும் பட்டறைகளிலும், பிளாஸ்டிக் ஆலைகளிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர். அவர்களுக்கும் இது பயன்படும் என்று எண்ணுகிறோம்.

அலுமினியத்தை ஏன் நாடுகிறார்கள்?

தமிழ்நாட்டிற்கும் அலுமினியத்திற்கும் உள்ள உறவு பழையது. 1898-ஆம் ஆண்டில் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். 1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூவும் மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் வழியைத் தனித்தனியே கண்டு பன்னிரண்டு ஆண்டுகளே கடந்திருந்த காலம் அது. பாத்திரமாக நம் அடுக்களைக்குள் வந்த அந்த உலோகம் பின்னர் விமானமாயிற்று. இன்று அச்சாகவும் ஆகியிருக்கிறது.

அச்சுக்கு அது உகந்ததாவதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, எடை. ஒரே பருமனுள்ள எஃகின் எடையில் அலுமினியம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இரண்டாவது, வெட்டுவது எளிது; எஃகைக் கடைய ஆகும் நேரத்தில் ஒரு சிறு பகுதி போதும். மூன்றாவது காரணமே தலையாயது. அது வெப்பத்தைக் கடத்தும் ஆற்றல். அச்சுகளுக்கு வழக்கமாகக் கொள்ளும் பி-20 என்னும் எஃகைவிட, 7075 என்னும் எண்ணால் வழங்கும் அலுமினியக் கலவை நான்கு மடங்குக்கு மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாய்ந்து, இறுகி, வெளியே வரும் சுற்றில் பாதிக்கு மேற்பட்ட நேரம் குளிர்வதற்கே செலவாவது வழக்கம். ஆகவே, குளிர்ச்சி விரைந்தால் உருப்படிகளும் விரைந்து பெருகும்.

இவ்வளவு நலம் வாய்ந்த உலோகத்தின் குறை அதன் மென்மை. கடினத்தை விக்கர்ஸ் அளவையால் கணித்தால், 7075 கலவை சுமார் 175. பி-20 எஃகு சுமார் 300. கண்ணாடியோ 500-க்கும் மேல். கண்ணாடி இழை கலந்த நைலான், அழுத்தத்தோடு குறுகிய வாயிலில் பாயும்போது, ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான நுண்ணிய அரங்கள் அலுமினியத்தின்மேல் உராய்ந்து செல்கின்றன என்று கொள்ளலாம். அன்பரின் அச்சு தேய்ந்தது வியப்பன்று. முதல் ஆயிரம் நன்றாக வந்ததுதான் அவரை ஏமாற்றியது.

நாம் சென்ற ஆண்டு எழுதியபோது இந்த ஒரு வரியைச் சேர்த்திருக்க வேண்டும்: “கண்ணாடி இழை இல்லாத பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன் போன்றவற்றிற்கு அலுமினிய அச்சு நெடுநாள் உழைக்கும், இழை கலந்தவற்றிற்கு வெறும் அலுமினியத்தை நம்பாதீர்கள்.” அதைச் சேர்க்காதது நம் தவறு.

தேய்வின் முகங்கள்

அச்சின் மேற்பரப்பு கெடுவது ஒரே வகையில் அன்று. எவ்வகையில் கெடுகிறது என்று அறியாமல் மருந்து தேடுவது, நோய் இன்னதென்று தெரியாமல் கஷாயம் காய்ச்சுவதை ஒக்கும்.

ஒன்று, அராவுதல். கண்ணாடி இழையும் கனிமப் பொடியும் கலந்த பிளாஸ்டிக்குகளால் நேர்வது. வாயிலருகிலும், பாய்வு திரும்பும் மூலைகளிலும் இது மிகுதி.

இரண்டு, பற்றிக் கிழித்தல். அலுமினியத்தின்மேல் அலுமினியம் சறுக்கினால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கீறும். உருப்படியைத் தள்ளும் எஜெக்டர் பின்களின் துளைகளிலும், நகரும் பக்கத் துண்டுகளிலும் இதைக் காணலாம்.

மூன்று, அரிப்பு. பி.வி.சி. அளவுக்கு மேல் சூடானால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளிவரும். புளிக்குழம்பை அலுமினியப் பாத்திரத்தில் இரவெல்லாம் வைக்கலாகாது என்று நம் தாய்மார் அறிவார்கள். அதே நியாயம் இங்கும் பொருந்தும்.

நான்கு, நசுங்குதல். அச்சின் இரு பாதிகளும் சேரும் விளிம்பு, எந்திரம் இறுக்கும் விசையாலும், இடையில் சிக்கிய பிசிறாலும் அழுந்தி மழுங்கிவிடும். மழுங்கிய விளிம்பின் வழியே மேலும் பிசிறு கசியும். அப்பிசிறு மேலும் விளிம்பை நசுக்கும்.

ஐந்து, மனிதர் கை. ஒட்டிக்கொண்ட உருப்படியை ஸ்குரூடிரைவரால் நெம்பும் பழக்கம். எல்லாவற்றிலும் கொடியது இதுவே என்று அச்சுத் தொழிலில் மூத்தவர்கள் சொல்வார்கள்.

முதல் மூன்றையும் மேற்பூச்சு பெரிதும் தடுக்கும். நான்காவதைத் தடுக்காது. ஐந்தாவதற்குப் பூச்சில் மருந்தில்லை.

தன் தோலையே தடிப்பாக்குதல்

அலுமினியம் இயற்கையிலேயே ஒரு தோலுடையது. வெட்டியவுடன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அதன்மேல் அலுமினிய ஆக்சைடு படர்ந்துவிடும். அந்தத் தோல் ஒரு மைக்ரானில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாத மென்மையுடையது. (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) ஆனால் அந்த ஆக்சைடு, மாணிக்கமும் நீலமும் எப்பொருளால் ஆனவையோ அப்பொருளேதான். ஆகவே அத்தோலைத் தடிக்கச் செய்தால் அதுவே கவசமாகும்.

அதைச் செய்வதே அனோடைசிங். அலுமினியத்தை அமிலத் தொட்டியில் இட்டு நேர்மின் முனையாக்கி மின்சாரம் பாய்ச்சினால், ஆக்சைடு தடிப்பாக வளரும். 1923-இல் இங்கிலாந்தில் பென்கோ, ஸ்டூவர்ட் என்னும் இருவர், கடல் நீரில் இறங்கும் விமானங்களின் உறுப்புகளைக் காக்கக் குரோமிக் அமிலத்தால் இம்முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். பின்னர்க் கந்தக அமிலத் தொட்டி பரவியது. அத்தொட்டியை நீர் உறையும் நிலைக்கு அருகே குளிர வைத்து, மின்சாரத்தை மிகுத்துச் செய்வதே கடின அனோடைசிங். குளிர்ச்சியில் அமிலம் ஆக்சைடைக் கரைப்பது குறையும்; அதனால் தோல் அடர்ந்து, 25 முதல் 50 மைக்ரான் வரையிலும் அதற்கு மேலும் வளரும். தலைமயிரின் தடிப்பு சுமார் 70 மைக்ரான் என்பதை நினைவிற் கொண்டால் அளவு விளங்கும். இன்று நம் வீடுகளில் உள்ள கருஞ்சாம்பல் நிற வாணலியின் தோல் இதுவே.

இத்தோல் மேலே ஒட்டியதன்று, உலோகத்திலிருந்தே விளைந்தது. ஆதலால் உரிந்து வராது. ஆயினும் இதன் குணங்களை அறிந்தே கையாள வேண்டும்.

வளரும் தோலில் ஏறத்தாழ ஒரு பாதி உள்நோக்கியும் மறுபாதி வெளிநோக்கியும் செல்லும். 50 மைக்ரான் தோல் என்றால் பரப்பு 25 மைக்ரான் உயரும். உருளைத் துளையொன்றின் குறுக்களவு இருபுறமும் சேர்த்து 0.05 மில்லிமீட்டர் குறையும். அச்சை வெட்டும்போதே இதற்கு இடம் விடாதவர் பிறகு வருந்துவார்.

கூரிய முனைகளில் தோல் வெளிநோக்கிப் பிளந்து வளரும். அங்கே இடைவெளி விழும். ஆதலால் முனைகளைச் சற்று வளைத்து விடவேண்டும்.

எல்லாக் கலவைகளும் ஒரேபடியாக இதை ஏற்பதில்லை. 6061 நன்கு ஏற்கும், 7075-உம் ஏற்கும். செம்பு மிகுந்த 2024 போன்றவையும், சிலிக்கன் மிகுந்த வார்ப்புக் கலவைகளும் தொல்லை தரும்.

சூட்டில் அலுமினியம் விரிவதைவிட ஆக்சைடு மிகக் குறைவாகவே விரியும். அச்சு மிகச் சூடாகிக் குளிரும்போது தோலில் மயிர்ப்பிளவுகள் தோன்றலாம். பரப்பும் சற்றுச் சொரசொரப்பாகும். கண்ணாடிபோல் தெளிவான உருப்படி வேண்டுவோர்க்கு இது ஆகாது. மேலும் இத்தோலைக் காரம் கரைத்துவிடும். சலவை சோடா, காஸ்டிக் சோடா கலந்த நீரால் இவ்வச்சைக் கழுவலாகாது.

நிக்கல் என்னும் போர்வை

இரண்டாவது வழி, அம்மையார் கேட்டதற்கு மிக அருகே வருவது. அதுவே மின்சாரமின்றி நிக்கல் பூசும் முறை. பட்டறைகளில் எலக்ட்ரோலெஸ் நிக்கல் என்று வழங்குவர்.

இது கிடைத்த வரலாறு சுவையானது. வாஷிங்டனில் இருந்த அமெரிக்கத் தேசிய அளவைக் கழகத்தில் ஏப்னர் பிரென்னர், கிரேஸ் ரிடெல் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், ஒரு குழாயின் உட்புறத்தில் மின்சாரத்தால் நிக்கல் கலவையைப் பூச முயன்றுகொண்டிருந்தனர். தொட்டியில் நேர்ந்த வேண்டாத மாற்றம் ஒன்றைத் தடுக்கச் சோடியம் ஹைப்போபாஸ்பைட்டு என்னும் உப்பைச் சேர்த்தனர். மின்சாரம் எவ்வளவு நிக்கலைப் படிய வைக்கலாமோ அதைவிட மிகுதியாகப் படிந்திருந்தது. மின்சாரம் செல்லாத வெளிப்புறத்திலும் படிந்திருந்தது! அந்த உப்பே வேலை செய்கிறது என்பதை உணர்ந்து 1946-இல் உலகிற்கு அறிவித்தனர். வேறொன்றைத் தேடியபோது அகப்பட்ட பொருள் இது.

மின்சாரத்தால் பூசும்போது முனைகளில் தடிப்பாகவும் குழிகளில் மெலிதாகவும் படியும். இம்முறையில் திரவம் தொடும் இடமெல்லாம் ஒரே தடிப்பாகப் படியும். ஆழ்ந்த பள்ளங்களும் நுண்ணிய துளைகளும் நிறைந்த அச்சுக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன? தொட்டியின் சூடு 90 பாகைக்கு அருகில். மணிக்கு 10 முதல் 20 மைக்ரான் வரை படியும். படிவது தனி நிக்கல் அன்று. பாஸ்பரஸ் கலந்த நிக்கல். அதன் கடினம் விக்கர்ஸ் அளவையில் 500-க்கும் 600-க்கும் இடைப்பட்டது. பாஸ்பரஸ் நூற்றுக்குப் பத்துக்கு மேலிருந்தால் அமிலத்தை நன்கு எதிர்க்கும். குறைந்திருந்தால் கடினம் மிகும். ஆகவே பி.வி.சி. அச்சுக்கு ஒன்று, நைலான் அச்சுக்கு மற்றொன்று என்று பூசுவோரிடம் கேட்டுப் பெறவேண்டும்.

இங்கே ஈயம் பூசுவோரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பாத்திரத்தைச் சூடாக்கி முதலில் நவச்சாரத்தைத் தூவித் துடைப்பார். பித்தளையின்மேல் படிந்த ஆக்சைடை அகற்றாவிட்டால் ஈயம் பிடிக்காது என்பது அவர் அறிந்த உண்மை. அலுமினியத்திலும் இதே தடை உண்டு; இன்னும் பெரிதாக உண்டு. துடைத்த கணமே மீண்டும் தோல் படர்ந்துவிடும். ஆதலால் துத்தநாகம் கரைந்த காரநீரில் அதை மூழ்க வைப்பார்கள். அக்காரம் தோலைக் கரைக்கும் அதே வேளையில் துத்தநாகம் மெலிதாகப் படிந்து காற்றை விலக்கும். அதைக் கழுவிவிட்டு மறுமுறையும் மூழ்க வைப்பது நல்ல பட்டறைகளின் வழக்கம். இந்த அடித்தளத்தில் சோம்பல் காட்டினால், மேலே எவ்வளவு நேர்த்தியாகப் பூசினாலும் நிக்கல் சில நாளில் தோல்போல் உரியும்.

ஓர் எச்சரிக்கை. நிக்கல் பூச்சை 400 பாகையில் ஒரு மணி நேரம் வாட்டினால் அதன் கடினம் 900-க்கும் மேல் உயரும் என்று நூல்களில் காண்பீர்கள். அது எஃகின்மேல் பூசியதற்குப் பொருந்தும். 7075 கலவைக்கு வலிமை தந்ததே 120 பாகைக்கு அருகில் பக்குவமாய் வாட்டிய வாட்டம். அதை 400 பாகையில் இட்டால் உள்ளுடல் மெழுகுபோல் தளர்ந்துபோகும். மேலே வைரத் தோல், உள்ளே வலுவற்ற உடல் என்றானால் யாது பயன்? அலுமினிய அச்சுக்கு 150 பாகையை ஒட்டிய மெல்லிய சூடே போதும். அது பிடிப்பை வளர்க்கும்.

நிக்கலோடு டெஃப்லான் எனப்படும் பி.டி.எஃப்.இ. நுண்துகள்களைக் கலந்து பூசுவதும் உண்டு. உருப்படி ஒட்டாமல் கழன்று வரும். ஆயின் கடினம் குறையும். ஒட்டுதல் நோய்க்கு அது மருந்து, அராவுதலுக்கு அன்று.

வேறு வழிகளும் உள. கடினக் குரோமியம் 900 அளவுக்கு உறுதி தரும். ஆனால் மின்சாரத்தால் பூசப்படுவதால் பள்ளங்களை எட்டாது. வெற்றிடத்தில் படிய வைக்கும் டைட்டேனியம் நைட்ரைடு அதனினும் கடினமானது. ஆயின் அதற்கு வழக்கமாக வேண்டும் சூடு அலுமினியத்திற்கு ஆகாது. தாழ்ந்த சூட்டில் படியும் வைரம் போன்ற கரிப்பூச்சுகள் வந்துள்ளன. அவை இரண்டு மூன்று மைக்ரான் தடிப்பே உடையவை. மெத்தென்ற அலுமினியத்தின்மேல் நேரே பூசினால், சேற்றின்மேல் படிந்த பனிப்படலம்போல், அடி அமிழும்போது மேல் நொறுங்கும். இடையே நிக்கல் போன்ற தாங்கும் அடுக்கு வேண்டும்.

பூச்சு செய்யாதது

இப்போது அம்மையாரின் இரண்டாம் வினா: பூசினால் தேய்ந்தது நிரம்புமா?

“இல்லை அம்மா” என்றுதான் சொன்னோம். வாயில் தேய்ந்த ஆழம் கண்ணுக்குத் தெரியும் அளவு. பூச்சின் தடிப்போ தலைமயிரில் பாதி. பூச்சு பரப்பின் வடிவை அப்படியே பின்பற்றும். கீறலை மறைக்காது, பள்ளத்தைத் தூர்க்காது. அதுமட்டுமன்று. நசுங்கும் விளிம்பைப் பூச்சு தாங்காது; தாங்குவது அடி உலோகத்தின் வலிமையே.

ஆகவே நல்ல அலுமினிய அச்சு என்பது முழுவதும் அலுமினியம் அன்று. எங்கே உராய்வு மிகுதியோ அங்கே கடினப்படுத்திய எஃகுத் துண்டைப் பதிக்க வேண்டும். வாயிலுக்கு எஃகு இன்சர்ட்டு. வழிகாட்டும் முளைகளுக்கு எஃகும் அவை நுழையும் இடத்தில் வெண்கலப் புஷ்ஷும். சறுக்கும் பக்கத் துண்டுகளுக்குத் தேய்வுத் தகடுகள். எந்திரத்தின் இறுக்கு விசையையும் வேண்டிய அளவுக்கு மேல் வைக்கலாகாது. எஃகு அச்சுக்கு வைத்த விசையை அப்படியே அலுமினிய அச்சுக்கும் வைப்பது, முதியவர் தோளில் இளைஞரின் மூட்டையை ஏற்றுவதாகும்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் அச்சை வெட்டி, பூச்சின்றியே சில உருப்படிகளை வார்த்து அளவு பார்க்க வேண்டும். திருத்தம், வெல்டிங், பாலிஷ் எல்லாம் முடிந்தபின்னரே பூச்சுக்கு அனுப்ப வேண்டும். பூசியபின் திருத்தம் என்றால் பூச்சைக் கரைத்தே ஆகவேண்டும். அதில் அலுமினியமும் கரைந்து அளவு கெடும். அனோடைசிங்குக்கு அனுப்புமுன் எஃகுத் துண்டுகள் எல்லாவற்றையும் கழற்றிவிடவேண்டும். அமிலத் தொட்டியில் எஃகு மின்சாரத்தைத் தன்பால் இழுத்துத் தானும் கரையும். மரைத்துளைகளையும் குளிர்நீர் வழிகளையும் அடைத்தனுப்ப வேண்டும். உள்ளே தங்கும் அமிலம் பின்னாளில் கசிந்து கறை செய்யும். கலவையின் எண்ணைப் பூசுவோரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். “அலுமினியம்” என்று மட்டும் சொல்லிக் கொடுப்பது, வைத்தியரிடம் “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொல்வதாகும்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு சொல்

முலாம் பட்டறைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் இதையும் கேட்க வேண்டும். நிக்கல் உப்பு தோலில் படப்பட ஆறாத அரிப்புநோய் தரும். ஆறு இணைதிறக் குரோமியத்தின் ஆவி புற்றுநோய்க்குக் காரணமாவது. கையுறையும், கண்ணாடியும், தொட்டியின்மேல் காற்றை உறிஞ்சும் விசிறியும் இல்லாத இடத்தில் வேலை செய்யாதீர்கள். “ஊரிலிருந்து வந்தவன்தானே, கேட்கமாட்டான்” என்று எண்ணும் முதலாளிகள் எங்கும் உண்டு. கேளுங்கள். கழிவுநீரைச் சாக்கடையில் விடுவதும் குற்றம். அந்த நீர் நம்மவர் குடியிருக்கும் சந்துகளின் வழியேதான் செல்கிறது.

இத்தொழிலை முறையாகக் கற்க விரும்புவோர்க்கு, 1968-இல் சென்னைக் கிண்டியில் தொடங்கப்பட்ட சிப்பெட் நிறுவனம் உண்டு. இன்று நாட்டின் பல மாநிலங்களில் அதன் கிளைகள் உள்ளன. பிள்ளைகளின் படிப்பைத் திட்டமிடும் பெற்றோர் இதையும் மனத்திற் கொள்ளலாம்.

மீண்டும் அந்த அச்சு

அன்பர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். தேய்ந்த வாயில் பகுதியைச் சதுரமாக வெட்டியெடுத்து, கடினப்படுத்திய எஃகுத் துண்டொன்றைப் பதித்தார். மழுங்கிய விளிம்பை மட்டமாகச் சீவி, அதற்கேற்பக் குழியின் ஆழத்தையும் சரிசெய்தார். மாதிரி வார்த்து அளவு பார்த்தபின், அச்சின் பரப்பிற்கு 25 மைக்ரான் நிக்கல் பூசச் சொன்னார். அனோடைசிங்கை நாம் பரிந்துரைக்கவில்லை. நைலானுக்கு அச்சைச் சூடாக வைத்திருக்க வேண்டியிருப்பதும், அளவின் நுணுக்கமும் காரணங்கள். எஃகுத் துண்டு தேய்ந்தால் அதைமட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

அச்சு மீண்டும் ஓடுகிறது. ஆயிரம் உருப்படிக்கு ஒருமுறை வாயிலை அளந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறார்கள்; எழுதுபவர் அம்மையார். சற்றே மஞ்சள் சாயலுள்ள நிக்கலின் வெள்ளிப் பளபளப்புக்கு அடியில் அலுமினியத்தின் வெண்மை எங்கேனும் தலைகாட்டினால், அன்றே எந்திரத்தை நிறுத்திப் பூச்சைப் புதுப்பிக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. நல்ல விதி. தேய்ந்தபின் பூசுவதைவிடத் தேயுமுன் பூசுவது மலிவு.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. முன்பு விட்டதே போதும். இழை கலந்த நைலானைப் பல இலட்சக் கணக்கில் வார்க்க வேண்டுமென்றால் கடின எஃகு அச்சே முறை. பூசிய அலுமினியம் நடுத்தர எண்ணிக்கைக்கு உரியது. எஃகுக்குப் பணம் சேரும்வரை தாங்கிநிற்கும் ஊன்றுகோல். இதை அன்பரிடமும் சொல்லியிருக்கிறோம். வாங்குவோரிடம் பேசி எஃகு அச்சின் செலவில் பாதியை முன்பணமாகக் கேட்டிருக்கிறார். விடை இன்னும் வரவில்லை. வளையல்களும் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கின்றன.

விடைபெறும்போது அம்மையாரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். “பாதி எழுதினீர்கள், மீதியை எழுதிவிடுங்கள். வேறு யாராவது படிப்பார்கள்” என்றார். எழுதிவிட்டோம்.

நேயர்கள் தத்தம் தொழிலில் கண்ட அனுபவங்களைச் சங்க முகவரிக்கு எழுதியனுப்ப வேண்டுகிறோம். அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.